பச்சை நீரைத் தெளியச் செய்தல்: வீட்டு நீச்சற்குளம் பற்றிய பாடம்

செகந்திராபாத்துக்கு வடக்கே, தக்காணத்தின் கருங்கற்பாறை நிலத்தில் அமைந்துள்ளது போலாரம். இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினத்தன்மை உடையது. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களும் உண்டு. இத்தகைய இடத்தில் வீட்டு நீச்சற்குளத்தின் பம்பு சில நாட்கள் ஓடாமல் நின்றால், தெளிந்த நீர் பச்சை நிறம் கொண்டு கலங்கிவிடுகிறது. குளத்தின் உரிமையாளர் நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டுகிறார். அல்லது கைக்கு வந்த அளவு பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார். முன்னது அரிய நீரை வீணாக்கும். பின்னது பல சமயம் பயன் தராது. பச்சை நிறமும் கலங்கலும் இரு வேறு குறைகள். முன்னதற்குக் கிருமிநாசினியும் பின்னதற்கு வடிகட்டலும் வேண்டும். இவற்றின் வரிசை மாறினால் வேலை கெடும்.

அபாயம் எங்குள்ளது?

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், போலாரத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில், ரொனால்டு ராஸ் அனாஃபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். கவனிப்பாரற்ற குளம் அக்கொசுவுக்கு உகந்த இடமாகும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில், கடன் கட்டத் தவறிய குடும்பங்கள் விட்டுச்சென்ற வீடுகளின் நீச்சற்குளங்கள் பச்சையாகிக் கொசுக்களைப் பெருக்கின. அக்கோடையில் அப்பகுதியில் மேற்கு நைல் காய்ச்சல் பெரிதும் மிகுந்தது. இதனினும் கொடிய அபாயம் ஒன்று உண்டு. கலங்கிய நீரில் மூழ்கும் குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீர் பச்சையாவது ஏன்?

கண்ணுக்குப் புலப்படாத பாசி உயிர்கள் காற்றோடும் தூசியோடும் வந்து விழுகின்றன. நீரில் குளோரின் இருக்கும்வரை அவை பெருகுவதில்லை. சூரிய ஒளி குளோரினைச் சில மணி நேரத்தில் பெரிதும் அழித்துவிடும். பாசி பெருகியதும், ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்கிறது. அதனால் நீரின் பி.எச். எண் உயர்கிறது. குளோரினின் கொல்லும் ஆற்றல் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் வடிவில் உள்ளது. பி.எச். 7.5 ஆக இருக்கையில் ஏறத்தாழப் பாதி குளோரின் அவ்வடிவில் இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். பாசி தன்னைக் கொல்லும் மருந்தைத் தானே வலுவிழக்கச் செய்கிறது என்று கூறலாம். தூவிய பவுடர் பலன் தராமைக்கு முக்கிய காரணம் இதுவே.

முதற்படி: பாசியைக் கொல்லுதல்

இலை, சருகுகளை வலையால் அகற்றி, சுவர்களைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். பம்பு ஓடும்பொழுது அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச். எண்ணை 7.2க்கும் 7.5க்கும் இடையே கொணர்தல் வேண்டும். சில மணி நேரம் கழித்து, கதிரவன் மறைந்தபின், குளோரின் இடுதல் தகும்.

அளவைக் கணக்கிடும் முறை எளிது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் உள்ள குளம் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் வேண்டுமெனில் மொத்தம் 400 கிராம் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் பயன்தரும் குளோரின் ஏறத்தாழ 33 சதவீதம். ஆகவே சுமார் 1.2 கிலோ பவுடர் வேண்டும். பழைய பவுடர் வலுவிழந்திருக்கும். பவுடரைப் பிளாஸ்டிக் வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் குளத்தில் ஊற்றுக. சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் கடின நீரில் வெண்கலங்கல் தோன்றும். அதனை எவ்வளவு குளோரினும் போக்காது.

களப்பணியாளர்கள் குளோரோஸ்கோப்பால் மறுநாட்காலை அளவிடுதல் வேண்டும். குளோரின் மிகுந்திருப்பின் மாதிரி நீரைக் காய்ச்சி வடித்த நீரால் பத்து மடங்காக்கிப் பார்ப்பது தகும். இரவில் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடுள்ளது. மருந்தைத் திரும்ப இடுக. மாதக்கணக்கில் குளோரின் மாத்திரைகளை இட்ட குளத்தில் சயனூரிக் அமிலம் மிகுந்து குளோரினைக் கட்டிவைத்திருக்கலாம். அந்நிலையில் நீரின் ஒரு பகுதியை மாற்றுவதே வழி.

இரண்டாம் படி: கலங்கலைப் போக்குதல்

பச்சை நிறம் மறைந்து நீர் சாம்பல் நிறமானால் பாசி மடிந்தது என்பது பொருள். மடிந்த நுண்துகள்கள் எளிதில் படியா. பம்பை இடைவிடாது ஓட்டி, மணல்வடிப்பானை அடிக்கடி எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவினால் சில நாட்களில் நீர் தெளியும். விரைவு வேண்டின் படிகாரம் உதவும். அது நீரில் பஞ்சு போன்ற திரளைகளாகித் துகள்களைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். பம்பை நிறுத்தி ஓரிரவு விட்டு, வண்டலைக் கலக்காமல் உறிஞ்சி, வடிப்பானுக்குள் செலுத்தாது நேரே வெளியேற்றுக. படிகாரம் பி.எச். எண்ணைக் குறைப்பதால் பின்னர் அதனைச் சரிபார்ப்பது அவசியம்.

வகுப்பறைச் சோதனை

10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் அக்கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கும். கலங்கிய நீர் தலா ஒரு லிட்டர் கொண்ட நான்கு கண்ணாடி ஜாடிகளில் முறையே 1, 2, 3, 4 மில்லிலிட்டர் கரைசலை விடுக. ஒரு நிமிடம் வேகமாகவும் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அசையாது வைக்க. தெளிவு தந்த ஜாடிகளுள் மிகக் குறைந்த அளவு பெற்றதே தேவையான அளவைக் காட்டும். இரண்டாம் ஜாடியாயின், மேற்கூறிய குளத்துக்கு 800 கிராம் போதும். மாணவர்கள் பெருக்கற் கணக்கின் பயனை இதில் நேரிற் காண்பர்.

எச்சரிக்கைகள்

பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் எழும். ஒரே வாளியிலோ ஒரே அலமாரியிலோ அவற்றை வைத்தலாகாது. பவுடரையும் குளோரின் மாத்திரையையும் கலப்பது தீயை விளைவிக்கும். மருந்திட்ட நீரை ஏரியிலோ செடிகளிலோ விடுமுன் குளோரின் நீங்கியதை உறுதி செய்க. பம்பு பழுதுபார்க்கப்படும் நாள் தெரியாத குளத்தில் மருந்திடாமல், கொசுப்புழுக்களை உண்ணும் கம்பூசியா அல்லது கப்பி மீன்களை விடுமாறு மலேரியாப் பணியாளர்கள் கூறலாம்.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. மிக ஆழமான இடத்தின் தரை கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமும், பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த பின்னரே குழந்தைகளைக் குளத்தில் இறங்க அனுமதிக்கலாம்.