நுண்துளைச் சத்திர சிகிச்சையும் இரைப்பைக் கட்டியும்

எம் ஊராகிய விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்றது என்பது யாவரும் அறிந்ததே. சூளையிற் கலங்கள் வேகுங்கால் எவரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. திறப்பின் குளிர்காற்றுப் பட்டுக் கலங்கள் வெடித்துவிடும். சுவரிலுள்ள சிறு துளைவழியே நோக்கி உள்நிலையை அறிவர். பெருவாயிலைத் திறவாது சிறு துளையாற் காரியம் முடிக்கும் இத்தகைய வழி இன்று மனித வயிற்றிலும் கையாளப்படுகின்றது. இதனை லேப்ராஸ்கோப்பி, அஃதாவது நுண்துளைச் சத்திர சிகிச்சை என்பர். இரைப்பைப் புற்றுக்கட்டிக்கு இம்முறை தீங்கற்றதோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1881-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் தியோடர் பில்ரோத் என்பார், புற்றுநோயுற்ற இரைப்பைப் பகுதியை அறுத்தெடுத்து, எஞ்சியதைக் குடலோடு இணைத்து வெற்றி கண்டார். அதுமுதல் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக வயிற்றை நெடுகக் கீறுதலே வழக்கமாயிருந்தது. நுண்துளை முறையிலோ சிறு துளைகள் நான்கைந்தே இடப்பெறும். கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து இடங்காண்பர். ஒரு துளைவழியே விளக்கோடு கூடிய காமிராவும், ஏனையவற்றின் வழியே நீண்ட கருவிகளும் உட்செல்லும். மருத்துவர் திரையில் தோன்றும் படத்தை நோக்கியே தொழில் புரிவர். அறுத்த பகுதியை வெளிக்கொணரும் பொருட்டு ஒரு துளையைச் சிறிது அகலப்படுத்துவர்.

1990-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் முதன்முதலாகப் பித்தப்பையை இம்முறையால் அகற்றினார். 1991-இல் ஜப்பானிய மருத்துவர் கிட்டானோ இரைப்பைப் புற்றுக்கும் இதனைப் பயன்படுத்தினார். நம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு இத்துறையின் முன்னோடியருள் ஒருவர்.

இதன்கண் எழும் ஐயம் இரண்டு. சிகிச்சையால் உடனே நேரும் இடர் மிகுமோ என்பது ஒன்று. நோயின் வேர் எஞ்சி மீண்டும் தழைக்குமோ என்பது மற்றொன்று. கொரிய நாட்டில் தொடக்கநிலை நோயாளர் 1416 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். இடர்ப்பாடு நுண்துளைப் பிரிவில் நூற்றுக்கு 13 பேர்க்கும், கீறற் பிரிவில் ஏறத்தாழ 20 பேர்க்கும் நேர்ந்தது. ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தோர் முறையே நூற்றுக்கு 94.2, 93.3 ஆவர். சற்றே முற்றிய நோயுடையார் 1056 பேரைச் சீன நாட்டில் ஆராய்ந்தபோதும் மூன்றாண்டின் பின் இருமுறையும் ஏறத்தாழ ஒத்தே நின்றன. இவ்விரண்டு ஆய்வுகளின் முடிவுகளும் 2019-இல் வெளிவந்தன.

எனினும் துளை சிறிது என்பதனாலேயே தீங்கில்லை எனத் துணிதல் பிழையாம். கருப்பைக் கழுத்துப் புற்றில் இம்முறையே நோய் மீளுதலை மிகுவித்தது என 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆதலின் ஓருறுப்பிற் கண்ட நன்மையை மற்றோருறுப்பிற்கு ஆராயாது ஏற்றலாகாது. மேலே கூறிய நற்பயன் தேர்ந்த கைகளால் விளைந்தது என்பதையும் மறத்தலாகாது. புறத்தே வடு சிறிதாயினும், கட்டியும் அதனைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்களும் முற்றும் நீங்குதலே முதன்மையானது. இடர் கண்டவழித் துளைமுறையை விடுத்து வயிற்றைக் கீறும் மருத்துவர் தோற்றவரல்லர். நோயாளியைக் காத்தவரே ஆவர்.

எம் தெருவில், சூளைத் தொழிலிற் காலங்கழித்த முதியவர் ஒருவர் இருந்தார். பசியின்மையும் உடல் மெலிவும் கண்டும், கத்திக்கு அஞ்சி ஓராண்டு பொடியும் சூரணமும் உண்டு நாட்கடத்தினார். மருத்துவமனை அடைந்தபோது கட்டி ஈரலிற் பரவியிருந்தது. "துளைவழியே எடுத்துவிடலாகாதோ?" என அவர் மக்கள் வினவினர். எடுத்தற்குரிய காலம் கடந்தது என்பதே விடையாயிற்று.

சிறு துளையின் நன்மை பெரிதும் காலத்தே வருவார்க்கே உரியது. நீங்காத வயிற்றுவலி, பசியின்மை, காரணமற்ற மெலிவு, கரிய மலம், இரத்த வாந்தி இவற்றுள் ஒன்று தோன்றினும் மறையாது மருத்துவரை நாடுமாறு தம் இல்லத்தாரை வற்புறுத்துதல் கற்றார் கடனாகும்.