எந்த ‘டி’?

தம்பிக்கு,

“மேக்னட்டில் ‘டி’ குறி சரியாக நிற்கிறது சார். ஆனால் இது கம்ப்ரஷன் ‘டி’யா, எக்ஸாஸ்ட் ‘டி’யா?” என்று கேட்டுவிட்டு நீ பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். உன் வாத்தியாருக்கு இரண்டு நாளாக அதே நினைப்பு. கேள்வியில் பிழையில்லை, அதற்குப் பட்டறைகளில் கிடைக்கும் பதிலில்தான் பிழை. பிளக் ஓட்டையில் விரலை வைத்து, காற்று தள்ளினால் கேம் செயினை மாட்டு என்பார்கள். செயின் கழன்றபின் வால்வுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டும் மூடியிருந்தால், பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு முறையும் காற்று தள்ளத்தான் செய்யும்!

கிராங்குக்குக் கம்ப்ரஷனும் தெரியாது, எக்ஸாஸ்டும் தெரியாது. பிஸ்டனை உச்சிக்குத் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது; ‘டி’ காட்டுவது அந்த உச்சியை மட்டும். அந்த உச்சிக்குப் பெயர் வைப்பது கேம். கேம் ஸ்ப்ராக்கெட்டின் ‘ஓ’ குறியை ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் செயினை மாட்டினால், அந்த ‘டி’ அப்போதே கம்ப்ரஷன் ‘டி’ ஆகிவிடுகிறது. மேக்னட்டைப் பார்த்துப் பொறி விடும் சிடிஐ வண்டியில் எப்படியும் சுற்றுக்கு ஒரு பொறி உண்டு, ஒன்று வீணாகப் போகும். ‘எஃப்’ குறியை மட்டும் ‘டி’ என்று நினைத்துவிடாதே. அது பொறிக்கான குறி.

நீ பிரித்திருக்கும் ஏடிசி 90 இன்ஜினின் குடும்பம் உனக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில் பைக் விற்பனை படுத்துவிடுகிறது, வேறு ஏதாவது வண்டி கொடுங்கள் என்று அமெரிக்க டீலர்கள் கேட்க, ஹோண்டாவின் ஒசாமு தகேயுச்சி உருவாக்கியதுதான் 1970-இல் வந்த மூன்று சக்கர ஏடிசி 90. பலூன் மாதிரி டயர், படுத்த வாக்கில் 89 சிசி இன்ஜின், தலையில் செயினில் சுற்றும் கேம். நம் ஊர் சிடி 100, ஸ்ப்ளெண்டர் எல்லாம் அந்தப் பங்காளிகள்தான். இன்று பிள்ளைகள் ஓட்டும் சின்ன ஏடிவிகள் பலவற்றிலும் இதே இன்ஜின் பாணி.

“செயின் நீண்டுவிட்டது” என்று எழுதியிருந்தாய். அது என்ன ஜவ்வு மிட்டாயா? 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் வைத்த ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கதையைப் படிக்க உட்கார்ந்த உன் வாத்தியார் ஒரு ராத்திரி சாப்பாட்டையே மறந்துவிட்டார். தேய்மானத்தைப் பரந்த இடத்தில் பகிர்ந்துகொள்ளத்தான் ரெனால்ட் அந்த புஷ்ஷை வைத்தார். ‘பின்’னும் புஷ்ஷும் உரசும் மூட்டில்தான் தேய்வு, தகடு அப்படியே இருக்கும். 84 கண்ணிச் செயினில் மூட்டுக்கு 0.02 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 1.68 மி.மீ. அப்புறம் கேம் பின்தங்கும், எத்தனை முறை மாட்டினாலும் ‘ஓ’ கொஞ்சம் தள்ளியே நிற்கும். அப்படி நின்றால் செயினோடு ஸ்ப்ராக்கெட்டையும் பார்.

ஒரு பல் தவறினால் என்ன என்று கேட்பவர்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் என்று வைத்துக்கொள். ஒரு பல் ஏறக்குறைய 12.9 டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றிவிடும், ஆகவே கிராங்கில் அது கிட்டத்தட்ட 25.7 டிகிரி. பிஸ்டனும் வால்வும் முட்டாமல் தப்பினாலும் வண்டி இழுக்காது. அதற்குக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், பாவம்.

மாட்டும்போது, கிராங்க் இழுக்கும் பக்கத்துச் செயின் விறைப்பாக இருக்கட்டும். தளர்வு முழுக்க டென்ஷனர் பக்கம் போகவேண்டும். இல்லாவிட்டால் இப்போது நேராகத் தெரியும் ‘ஓ’, டென்ஷனரைப் பூட்டியதும் நகர்ந்துவிடும். பழைய செயினை எடுக்கும் முன் புதியதைக் கம்பியில் கட்டி வை. உள்ளே விழுந்தால் தூண்டில் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

பூட்டியதும் கிக்கரை மிதிக்காதே. மேக்னட்டைக் கையால், இன்ஜின் ஓடும் திசையிலேயே, முழுதாக இரண்டு சுற்று சுற்று. எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்து. ‘டி’யும் ‘ஓ’வும் மறுபடி நேருக்கு நேர் வந்த பிறகு டேப்பெட் இடைவெளியைப் பார். ஏடிசி 90-க்கு 0.05 மி.மீ. அதற்கு ஃபீலர் கேஜ் வேண்டும். போன மாதம் நீ எடுத்துப்போனது இன்னும் திரும்பி வரவில்லை.

உன் வாத்தியார்