நூற்றுக்கு நூறு என்றால் நல்ல பள்ளியா?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் திருத்தணியில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ பேனர்கள் ஏறிவிடும். ஆறாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் பள்ளி தேடும் பெற்றோர் அந்த ஓர் எண்ணை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இந்த முடிவுகளைக் கவனித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பள்ளிகளை ஒப்பிட இதைவிட ஏமாற்றுகிற அளவுகோல் வேறில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 45 பேர்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள், எல்லாரும் தேறினார்கள், பேனரில் 100. இன்னொரு பள்ளியிலும் 60 பேர். 58 பேர் எழுதி 54 பேர் தேறினார்கள், அதற்கு 93. ஆனால் வகுப்பில் இருந்த 60 பேரைக் கணக்கில் வைத்தால் முதல் பள்ளி கரை சேர்த்தது 75 சதவீதம், இரண்டாவது 90. தேர்ச்சி சதவீதம் எழுதியவர்களை மட்டுமே எண்ணும். நடுவில் காணாமல்போனவர்களை எண்ணாது. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும் என்பதால் 36 வாங்கியவரும் 96 வாங்கியவரும் அதில் ஒன்றே. பள்ளியின் அளவும் குழப்பும்: 20 பேர் எழுதும் கிராமத்து உயர்நிலைப்பள்ளியில் ஒருவர் தவறினால் 5 சதவீதம் போய்விடும், 300 பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் அது கால் சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

‘ஊர் மாறிப் போகிறவர்கள் இல்லையா, அதற்குப் பள்ளி என்ன செய்யும்?’ என்பார்கள். நியாயம்தான். அதனால்தான் எத்தனை பேர் போனார்கள் என்பதோடு எங்கே போனார்கள் என்றும் கேட்க வேண்டும். கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் அடையாள எண் பள்ளி மாறினாலும் கூடவே போகும், டி.சி. வாங்கியவர் வேறு பள்ளியில் சேர்ந்தாரா, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி வேலைக்குப் போனாரா என்பது தலைமையாசிரியருக்குத் தெரியாத ரகசியமில்லை. ‘எங்களுக்கு யார் சொல்வார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. அரசுப் பள்ளிகளில் பெற்றோரே தலைவராக இருக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் கூட்டத்தில் சத்துணவு, கழிப்பறை பற்றிப் பேசுவதோடு நிறுத்தாமல், நடுவில் போனவர்கள் எங்கே என்றும், கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்றும் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். என் மதிப்பீட்டில் பேனரைவிட இந்தப் பதில்களே கனமானவை.

எல்லை ஊர் என்பதால் இங்கே இன்னொன்றும் சேரும். 1960 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் சுற்றுக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஏராளம். தமிழ் எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு பத்தாம் வகுப்பில் 60 மதிப்பெண் வாங்க வைக்கும் பள்ளியும், நுழைவுத்தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகளை 80க்குக் கொண்டுவரும் பள்ளியும் செய்யும் வேலை ஒன்றல்ல. முதலாவதுதான் கடினம்.

பிளஸ் ஒன்னுக்கு வந்தால் கணக்கே வேறு. அறிவியல் குரூப் உண்டா, ஆய்வகம் பூட்டியே கிடக்கிறதா, கணினி அறிவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பவை முதலில். பள்ளி மாற்றினால் எதை இழப்போம் என்பது அடுத்தது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, ‘கடைசி இரண்டு வருஷம் மட்டும்’ என்று தனியாருக்கு மாற்றுபவர்கள் பலர். மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாற்றிய அன்றே அது போய்விடும். கல்லூரி செல்லும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அப்படியே. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால், அரசுப் பள்ளிக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாறுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. தனியார் பயிற்சி இந்த இழப்பை ஈடுகட்டும் என்று வாதிடலாம்; சிலருக்கு ஈடுகட்டவும் செய்யும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவர்கள் குறைவு.

முடிவு வந்த சில நாளிலேயே பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிடும். அப்போது விசாரிக்க நேரம் இருக்காது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே, பள்ளி நடக்கும் ஒரு சாதாரண நாளில் போய்க் கேளுங்கள்.