களைவதும் காப்பதும்

கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே அமைந்துள்ள நெல்லிக்குப்பம் சர்க்கரைக்குப் பெயர்பெற்ற ஊராகும். பாரி நிறுவனத்தார் 1842-ஆம் ஆண்டில் இங்கு ஆலை தொடங்கினர். கரும்புச் சாற்றிலுள்ள அழுக்கை நீக்குவது சர்க்கரைத் தொழிலில் முதன்மையான பணியாகும். சாற்றைச் சூடேற்றிச் சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்குத் திரண்டு அடியில் படியும். சுண்ணாம்பு குறைந்தால் சாறு தெளியாது. மிகுந்தால் நிறம் கெடும். படிந்த மண்டி வயலுக்கு எருவாகும். பிழிந்த சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகும். ஆதலின், எதை நீக்குவது, எவ்வளவு நீக்குவது என்னும் தெளிவு இல்லாமல் தூய்மை செய்தல் இயலாது.

கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினி இயங்குங்கால் தற்காலிகக் கோப்புகள் பல தோன்றுகின்றன. உலாவி, தான் திறந்த பக்கங்களின் படிகளைச் சேர்த்து வைக்கிறது. நாளடைவில் இவை பெருகி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இவற்றை அகற்றுவதற்கெனத் தனி மென்பொருள்கள் உள்ளன. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த பிளீச்பிட் அவற்றுள் ஒன்று.

இம்மென்பொருள் தானாகச் சிந்திப்பதில்லை, விதிகளின்படியே நடக்கிறது. குறித்த செயலி கணினியில் உள்ளதா என முதலில் நோக்குதல், அச்செயலியின் எந்தக் கோப்புறையில் எவ்வகைக் கோப்பை அழிப்பது என அறிதல், எதை விலக்கி வைப்பது என உணர்தல் ஆகிய யாவும் விதியில் எழுதப்பட்டிருக்கும். இன்றியமையாத விதிகள் மென்பொருளுடனேயே வருகின்றன. உலகில் வழங்கும் செயலிகளோ எண்ணிறந்தவை. ஆகவே ஆர்வலர் பலர் கூடி, ஆயிரக்கணக்கான விதிகளை ‘வின்ஆப்2’ என்னும் ஒரே கோப்பில் தொகுத்துப் பேணி வருகின்றனர். விரும்புவோர் பிளீச்பிட்டின் அமைப்புப் பகுதியில் குறியிட்டு இத்தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம்.

விதி மிகுந்தால் பயன் மிகும் என்று கருதுதல் தவறு. ஒரு விதி அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலை மட்டும் அழிக்கும். மற்றொன்று சேமித்த கடவுச்சொற்களையே அழித்துவிடும். இவ்வாறு அழிந்தவை குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை, மீட்பது அரிது. 2018-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு ஒன்றில், வட்டினைத் தூய்மை செய்யும் பட்டியலில் ‘பதிவிறக்கங்கள்’ கோப்புறையும் இடம்பெற்றது. பட்டியலைப் படியாது எல்லாவற்றிற்கும் குறியிடும் பழக்கமுடையோர் தாம் சேர்த்து வைத்த கோப்புகளை இழக்க நேர்ந்தது. பின்னர் அக்கோப்புறை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆதலின் மூன்று செயல்கள் வேண்டப்படுகின்றன. தாம் பயன்படுத்தும் செயலிகளுக்குரிய விதிகளை மட்டும் தேர்ந்தெடுத்தல் முதலாவது. அழிக்கும் முன் ‘முன்னோட்டம்’ பார்த்து, நீங்கவிருக்கும் கோப்புகளின் பெயர்களைப் படித்தல் இரண்டாவது. காக்கவேண்டிய கோப்புறைகளைக் காப்புப் பட்டியலில் சேர்த்து, அவற்றின் படியை வேறோர் இடத்திலும் வைத்தல் மூன்றாவது.

விதியும் மென்பொருளும் எங்கிருந்து வந்தன என ஆராய்தலும் கடனாகும். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், புகழ்பெற்ற சிகிளீனர் மென்பொருளின் பதிப்பு ஒன்றில் தீயோர் தீநிரலைப் புகுத்திவிட்டனர். ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பயனர்களிடம் அப்பதிப்புச் சென்று சேர்ந்தது. அழுக்கை அகற்ற வந்த கருவியே அழுக்கைக் கொணர்ந்தது. தவறு வெளிப்பட்டதும் திருத்திய பதிப்பு வழங்கப்பட்டது. புதிய பதிப்பை உரிய இடத்திலிருந்து பெறுதலும், வந்த செய்தியை அறிந்து திருத்திக்கொள்ளுதலும் பயன்படுத்துவோர் கடமையாகும்.

நெல்லிக்குப்பம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்திலேயே தில்லை என்னும் சிதம்பரமும் உள்ளது. அங்குத் தேவார ஏடுகள் கறையான் புற்றால் மூடப்பட்டுக் கிடந்தன என்றும், இராசராச சோழன் காலத்தில் எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எஞ்சிய ஏடுகளை எடுத்தனர் என்றும் மரபு கூறும். புற்று நீங்கவேண்டும், ஏடு அழியலாகாது. அவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் அறிவே தூய்மை செய்வோர்க்கு முதற்கருவியாகும்.