ஓட்டல் மேலாண்மையா, வணிக நிர்வாகமா? மேல்நிலை மாணவர்களுக்கு வழிகாட்டும்போது…

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் தவறாமல் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், கேட்டரிங் சேரட்டுமா, பி.பி.ஏ. சேரட்டுமா?” பொறியியல், மருத்துவம் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் விவரங்கள் இருக்கின்றன. இந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் நம் சொந்த விருப்பு வெறுப்பே பதிலாகிவிடுகிறது. “சமையலுக்கா மூணு வருஷம் படிக்கணும்?” என்கிறார் ஒருவர். “பி.பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?” என்கிறார் இன்னொருவர். கேட்பவர் முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகும் மாணவர். அவருடைய மூன்று ஆண்டுகளும் அவர் குடும்பத்தின் சேமிப்பும் நம் பதிலைப் பொறுத்திருக்கின்றன. எனவே இரண்டு படிப்புகளையும் ஒருமுறை முறையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

என்ன கற்பிக்கிறார்கள்?

ஓட்டல் மேலாண்மை என்பது சமையல் மட்டும் அன்று. உணவு தயாரிப்பு, உணவு பரிமாறல், விருந்தினர் வரவேற்பு (ஃப்ரன்ட் ஆபீஸ்), அறைப் பராமரிப்பு (ஹவுஸ்கீப்பிங்) ஆகிய நான்கும் அதன் தூண்கள். இவற்றோடு கணக்கியல், ஊட்டச்சத்து, உணவுப் பாதுகாப்பு, தகவல் தொடர்புத் திறன் போன்ற பாடங்களும் உண்டு. பாடநேரத்தில் கணிசமான பகுதி செய்முறைக் கூடத்தில் நின்றபடியே கழியும். பல வாரங்கள் உண்மையான ஓட்டலில் தொழிற்பயிற்சியும் பெற வேண்டும்.

பி.பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளில் கணக்கியல், சந்தைப்படுத்தல், நிதி, மனிதவளம், வணிகச் சட்டம், புள்ளியியல் ஆகியவை முதன்மையானவை. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பொது அறிவை இவை தருகின்றன. வகுப்பறையும் நூலகமுமே இவற்றின் களம். பட்டயக் கணக்காளர் ஆக விரும்பும் மாணவருக்குப் பி.காம். நேரடியாகத் துணைசெய்யும்.

ஓர் எடுத்துக்காட்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கும். மளிகைக் கடையில் இன்று விற்காத சோப்பை நாளை விற்கலாம். 40 அறைகள் உள்ள ஒரு விடுதியில் நேற்றிரவு 28 அறைகளே நிரம்பின என்றால், மீதி 12 அறைகளின் நேற்றைய வாடகை இனி ஒருபோதும் வராது. அறை வாடகை ரூ.1,200 என்றால் ஒரே இரவில் ரூ.14,400 கைவிட்டுப் போகிறது. விருந்தோம்பல் தொழிலில் பண்டிகை நாளிலும் நள்ளிரவிலும் பணி நடப்பதற்கும், ஊழியரின் முகமலர்ச்சிக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதற்கும் இதுவே காரணம். மற்றவர்கள் விடுமுறையில் இருக்கும்போது தான் பணியில் இருக்க மனம் ஒப்புமா என்பதை மாணவர் சேர்வதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

சேர்க்கை வழிகள்

மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் சென்னை தரமணியில் உள்ளது. மாநில அரசின் நிறுவனம் திருச்சி துவாக்குடியில் இயங்குகிறது. தேசிய அளவிலான பி.எஸ்சி. விருந்தோம்பல் மற்றும் ஓட்டல் நிர்வாகப் படிப்புக்கு ‘என்.சி.எச்.எம். ஜே.இ.இ.’ என்ற நுழைவுத்தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம்; ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். கணிதத் திறன், தருக்கச் சிந்தனை, பொது அறிவு, ஆங்கிலம், சேவைத்துறை மனப்பாங்கு ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலப் பகுதிதான் தடையாகத் தெரியும். பதினொன்றாம் வகுப்பிலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி அளித்தால் அதைக் கடந்துவிடலாம். விண்ணப்பம் பொதுத்தேர்வு முடிவுக்கு முன்பே தொடங்கி முடிந்துவிடுவதால், முடிவு வந்தபின் சொல்வது பயன்படாது.

பி.பி.ஏ., பி.காம். படிப்புகளுக்கு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இணையவழி விண்ணப்பத்தின் மூலம் மதிப்பெண் அடிப்படையில் சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. ஓட்டல் மேலாண்மைக்கு அரசு நிறுவனங்களிலேயே இதைவிடப் பல மடங்கு செலவாகும். இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தரமணி நிறுவனத்தில் படிக்கத் தாட்கோ உதவி அறிவித்துள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எந்தக் கதவு திறந்திருக்கும்?

“பி.பி.ஏ. படித்தால்தான் எம்.பி.ஏ. படிக்க முடியும்” என்பது தவறான எண்ணம். அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.பி.ஏ. சேரலாம், ஓட்டல் மேலாண்மைப் பட்டதாரிக்கும் அந்த வழி உண்டு. மறுபுறம், பி.பி.ஏ. முடித்தவர் ஓட்டலின் கணக்கு, விற்பனை, மனிதவளப் பிரிவுகளில் நுழையலாம். சமையற்கூடத்துக்குள் நுழைய விரும்பினால் தொடக்கத்திலிருந்து பயில வேண்டியிருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1922இல் தொடங்கிய ஓட்டல் கல்வியை, 2016இல் தன் வணிகக் கல்லூரியின் ஓர் அங்கமாக ஆக்கிக்கொண்டது. இரண்டும் அவ்வளவு நெருங்கிய துறைகள்.

ஓட்டல் மேலாண்மை படித்தவருக்கு ஓட்டல் மட்டுமே களம் அன்று. மருத்துவமனை உணவுப் பிரிவு, தொழிற்சாலை கேன்டீன், விமான நிறுவனம், கப்பல், வளாகப் பராமரிப்பு நிறுவனங்கள் எனப் பல இடங்கள் உண்டு. இரவுப் பணியை நினைத்து மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் இவற்றை எடுத்துச் சொல்லலாம்.

பட்டமா, பட்டயமா?

எங்கள் பகுதி மாணவர் ஒருவர், அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் கேட்டரிங் சேர்ந்தார். முடித்தபின் போட்டித்தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தன் கையில் இருப்பது பல்கலைக்கழகப் பட்டம் அன்று, நிறுவனமே வழங்கிய பட்டயம் என்பது அவருக்குத் தெரிந்தது. பட்டயம் தாழ்ந்தது அன்று. சீக்கிரம் வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது போதும். ஆனால் எதில் சேர்கிறோம் என்பது தெரிந்து சேர வேண்டும். பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்வோம்:

1. சான்றிதழ் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம்?
2. பி.பி.ஏ. என்றால், 2024-25 முதல் அப்படிப்புக்கும் பொருந்தும் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் உள்ளதா?
3. தொழிற்பயிற்சி எங்கே? சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள்?
4. சீருடை, கத்தித் தொகுதி, விடுதி உட்பட மூன்று ஆண்டுகளுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு?

வகுப்பறைச் செயல்பாடு (இரண்டு பாடவேளைகள்)

முதல் பாடவேளை: ஊரில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொண்டு, காலை முதல் இரவு வரை அங்கே நடக்கும் வேலைகளைக் குழுக்களாகப் பட்டியலிடச் சொல்லலாம். காய்கறி வாங்குவது, மாவு அரைப்பது, பரிமாறுவது, பில் போடுவது, வாடிக்கையாளர் கோபத்தைத் தணிப்பது, வரி கட்டுவது என்று பட்டியல் நீளும். பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த மூன்று வேலைகளைக் குறித்து, பிடித்ததற்கான காரணத்தை எழுத வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: ஒரு தட்டு பொங்கலின் விலை ரூ.60, அதற்கான பொருட்களின் செலவு ரூ.21 என்றால் உணவுச் செலவு எத்தனை சதவீதம்? விடை 35. மீதி ரூ.39 முழுவதும் லாபமா? இல்லை, கூலி, வாடகை, சிலிண்டர், மின்கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். இந்தக் கணக்கில் உற்சாகம் காட்டும் மாணவர் யார், பொங்கலின் பதத்தைப் பற்றிப் பேசும் மாணவர் யார் என்று ஆசிரியர் கவனிக்கலாம். இதே கணக்கை ஏழு, எட்டாம் வகுப்பில் சதவீதப் பாடத்துக்கும் பயன்படுத்தலாம். கடைக்காரரையே வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தால் இன்னும் சிறப்பு.

இந்த இரண்டு பாடவேளைகள் முடிந்ததும் மாணவரே முடிவு எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தன் இயல்பு எது, வீட்டுச் சூழல் எது என்று பெற்றோரிடம் காரணம் சொல்லிப் பேசும் நிலைக்கு அவர் வந்திருந்தால் போதும். சமைப்பதும் பரிமாறுவதும் அறையைத் துப்புரவாக வைப்பதும் மதிப்பான வேலைகள் என்ற எண்ணத்தைத் தொடக்க வகுப்பிலிருந்தே நாம் வளர்த்து வந்தால், அந்தப் பேச்சு அவருக்கு இன்னும் எளிதாகும்.