மூடிக்குள் இருக்கும் வயது

லண்டன் போர்ட்டபெல்லோ சாலையில் சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடும். என் முதல் பழைய கைக்கடிகாரத்தை அங்கேதான் வாங்கினேன். வெள்ளிக் கேஸ், வெள்ளை எனாமல் டயல், வார் கோர்க்க இரு பக்கமும் கம்பி வளையம். டயலில் பெயரே இல்லை. "போயர் போர்க் காலத்தது, 1900" என்றார் விற்றவர். நம்பி வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்து ஐகிளாஸ் வழியாகப் பார்த்தேன். உள்ளே நான்கு குறிகள். நீள்வட்டத்துக்குள் .925, அது வெள்ளியின் தரம். பக்கத்தில் சிம்ம ராசிக் குறி. இறக்குமதிப் பொருளுக்கு லண்டன் சோதனைக்கூடம் இட்ட முத்திரை. (இதை ஒமேகா நிறுவனத்தின் சின்னம் என்று நினைத்து அதிக விலை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) பிறகு 'ஜி.எஸ்.' என்ற எழுத்துகள். கடைசியாகச் சிறிய 'யு'.

வெளிநாட்டிலிருந்து வரும் வெள்ளி, தங்கக் கடிகாரக் கேஸ்களுக்கு பிரிட்டிஷ் முத்திரை கட்டாயமானது 1907 ஜூன் 1 முதல். ஆகவே 1900 என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது. அந்த 'யு' ஆண்டெழுத்து. லண்டனில் அன்று மே மாதம் எழுத்து மாறியது. 1915 மே முதல் 1916 மே வரை 'யு'. என் கையில் இருந்தது முதல் உலகப் போர்க் காலத்துக் கடிகாரம். ஒன்றைக் கவனியுங்கள்: அன்றைய லண்டன் வரிசையில் 20 எழுத்துகளே இருந்தன, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தையும் சேர்த்தே ஆண்டெழுத்து அட்டவணையில் பாருங்கள்.

'ஜி.எஸ்.' யார் என்று பல நாள் தேடினேன். ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்ற இறக்குமதி முகவர் நிறுவனம் அது. ஸ்விஸ் கேஸ்களைச் சோதனைக்கூடத்தில் ஒப்படைத்தவர்கள். கடிகாரம் செய்தவர்கள் அல்லர்.

டயலில் பெயர் இல்லாததும் குறையல்ல. தயாரித்தவர் பெயர் டயலில் வருவதை அன்றைய பிரிட்டிஷ் கடைக்காரர்கள் விரும்பவில்லை. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ரோலெக்ஸ் என்ற பெயரை 1908-இலேயே பதிவு செய்தும், ஆரம்ப காலத்தில் பல கடிகாரங்கள் அந்தப் பெயரில்லாத டயலோடுதான் விற்றன. அந்தக் காலக் கடிகாரத்தில் பெரிய பெயர் ஒன்று பளிச்சென்று தெரிந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முத்திரை சொல்வது கேஸின் வயதை மட்டுமே. மெஷின் வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம். சாவித் தண்டு கேஸின் துளைக்கு நேராக நிற்கிறதா, தேவையற்ற திருகுத் துளைகள் இருக்கின்றனவா, கேஸின் உள்விளிம்பில் வேறு மெஷினின் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். மெஷின் செய்தவரின் முத்திரை பல நேரம் டயலுக்கு அடியில்தான் இருக்கும். காப்புரிமை எண் தென்பட்டால் அதற்கு முன் செய்ததல்ல என்று மட்டும் கொள்ளுங்கள். பிரான்சுவா போர்ஜெலின் திருகு கேஸுக்கு 1891-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த வகைக் கேஸ் போர்க் காலத்திலும் வந்துகொண்டிருந்தது.

என் இழப்பையும் சொல்ல வேண்டும். சர்வீசுக்குக் கொடுத்தபோது பழுதுபார்ப்பவர் எண்களிலும் முட்களிலும் இருந்த பழுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதுப்பச்சை பூசித் தந்தார். அந்தப் பழைய பூச்சு ரேடியம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. சுரண்டினால் எழும் தூசி மூச்சில் போனால் ஆபத்து. கடிகாரத்துக்கும் நூறு ஆண்டுச் சான்று ஒன்று போயிற்று. முன்பு பழுதுபார்த்தவர்கள் மூடிக்குள் ஊசியால் கீறிய தேதிகளையும் அவர் மெருகேற்றி அழித்திருந்தார்.

கடிகாரத்தை யாரிடம் கொடுத்தாலும் அதற்கு முன் மூடியின் உட்புறம், மெஷின், டயல் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். "பூச்சைத் தொடாதீர்கள், மெருகேற்றாதீர்கள்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.