வால் முளைத்த தேவாங்கு

கேள்வி: எங்கள் ஊர் கடவூர் மலைக்குப் பக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். தேசிய பசுமைப்படைப் பொறுப்பும் என்னிடம்தான். வருஷா வருஷம் புலிக்கும் யானைக்கும் சுவரொட்டி எழுதுகிறோம். இந்த முறை தேவாங்கு, தவளை, சிலந்தி என்று யாரும் கண்டுகொள்ளாத உயிர்களை வைத்துக் கண்காட்சி நடத்த ஆசை. நல்ல படங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கைபேசியிலேயே தேவாங்குப் படம் உருவாக்கித் தந்தான். அச்சு அசலாக இருக்கிறது. “ஜனங்க நின்னு பார்த்தா போதும் டீச்சர், படம் எப்படி வந்தா என்ன?” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்பதற்குக் காரணமும் சொல்லத் தெரியவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன்.
— ஓர் ஆசிரியை, கரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. தேவாங்குக்கு வால் கிடையாது. உங்கள் மாணவனின் படத்தில் மயிர் அடர்ந்த வால் ஒன்று சுருண்டு கிடக்கிறது. கையைப் பாருங்கள், ஐந்து விரலும் ஒரே சீராக இருக்கின்றன. நிஜத் தேவாங்கின் கையில் ஆள்காட்டி விரல் மிகவும் குட்டை. கட்டைவிரல் மற்றவற்றுக்கு எதிர்ப்புறம் விலகி நிற்கும். கிளையை இடுக்கி போலக் கவ்விக்கொள்ளத்தான் அந்த அமைப்பு. காலிலோ இரண்டாம் விரலில் மட்டும் மயிர் கோதுவதற்கென்று நீண்ட நகம் ஒன்று உண்டு. மெலிந்தவர்களைத் தேவாங்கு என்று கேலி செய்கிற ஊர் நம்முடையது. படத்தில் இருப்பதோ கொழுகொழுவென்று இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் வேறொரு தேவாங்கு இனத்தையும் ஏதோ ஒரு பொம்மையையும் கணினி கலந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

புலிக்கு யாராவது கோடு மாற்றிப் போட்டால் ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். காலண்டரிலும் பாடநூலிலும் தொலைக்காட்சியிலும் பார்த்த நூறு புலி அதன் மனதில் இருக்கிறது. தேவாங்குக்கு அந்த வசதி இல்லை. உங்கள் சுவரொட்டிதான் பல பேருக்கு முதல் தேவாங்கு, சிலருக்கு அதுவே கடைசியும். அதில் உள்ள தவறைத் திருத்த இன்னொரு படம் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை. யாரும் கண்டுகொள்ளாத உயிருக்குத்தான் படம் மிகச் சரியாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வாலைவிட என்னை அதிகம் வருத்தியது, அது ஒரு சிறுமியின் உள்ளங்கையில் உட்கார்ந்திருப்பது. மனிதர் பக்கத்தில் நிற்கும் சிம்பன்சி படத்தையும், மனிதர் இல்லாத அதே படத்தையும் வெவ்வேறு ஆட்களிடம் காட்டி 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. மனிதரோடு சேர்த்துப் பார்த்தவர்கள், காட்டில் சிம்பன்சிகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நினைக்கவும், வீட்டில் வளர்க்கலாம் என்று விரும்பவும் அதிக வாய்ப்பு இருந்தது. கிச்சுக்கிச்சு மூட்டினால் கையைத் தூக்கும் தென்கிழக்கு ஆசியத் தேவாங்கின் காணொளி ஒன்று 2009இல் உலகம் சுற்றியது. அதற்கு வந்த கருத்துகளை ஆராய்ந்தவர்கள், எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டவர்கள் ஏராளம் என்று கண்டார்கள். கையைத் தூக்குவது அந்த விலங்குக்குத் தற்காப்பு நிலை. பார்த்தவர்களுக்கு அது கொஞ்சல்.

உங்கள் பக்கத்துக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு 2022இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் இந்த விலங்கைப் பிடித்த பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது; பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அப்படியிருக்க, அதைச் சிறுமியின் கையில் வைத்துக் காட்டினால் நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

சிலந்தி என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஆந்திராவின் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1899இல் ஓர் இனத்துக்குப் பெயரிட்டார்கள். அதன்பின் நூறாண்டு காலம் அது யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கிடைத்தது. மிக அருகிய நிலையில் உள்ள இனம். உடம்பெல்லாம் பளீரென்ற நீலம். அதன் உண்மையான புகைப்படத்தைப் பார்க்கிற எவருக்கும் கணினி போட்ட வர்ணம் என்றுதான் தோன்றும். பக்கத்துத் தட்டியில் வால் முளைத்த தேவாங்கு இருந்தால், இந்த நீலத்தை யார் நம்புவார்கள்? ஒரு பொய்ப்படம் தன் பக்கத்தில் இருக்கும் நிஜப்படத்தின் மதிப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதனால் ஓர் ஓரமாக ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது.

நிஜப்படங்கள் கிடைக்கின்றன. விக்கிமீடியா காமன்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் தளங்களில் உரிம விவரத்தோடு ஏராளமாக உள்ளன. உரிமத்தைப் படித்து, எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழே போட்டுப் பயன்படுத்துங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. எப்படி அடுக்குவது என்பதற்கு புகைப்படக் கலைஞர் ஜோயல் சார்ட்டோரின் ‘போட்டோ ஆர்க்’ திட்டம் நல்ல வழிகாட்டி. 2006இல் அமெரிக்காவின் லிங்கன் நகரில் தொடங்கி இன்றுவரை 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைப் படமெடுத்துவிட்டார். பின்னணி வெறும் கறுப்பு அல்லது வெள்ளை. சுண்டெலியும் புலியும் ஒரே அளவில், கண்ணுக்குக் கண் நம்மைப் பார்க்கும். உங்கள் தட்டிகளிலும் தவளைக்கும் யானைக்கும் ஒரே அளவு கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் நிற்பார்கள்.

தேவாங்கை நீங்களே எடுக்க வேண்டும் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் கிளம்ப வேண்டாம். பிளாஷ் கூடவே கூடாது. இருட்டுக்குப் பழகிய கண் அது. ஆய்வாளர்கள் சிவப்பு விளக்கோடு போய், தூர நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். படத்தை வெளியே கொடுக்குமுன் கைபேசி பதிந்து வைத்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். அந்த நீலச் சிலந்திக்குச் செல்லப்பிராணிச் சந்தையில் விலை உண்டு. எந்த மரம் என்று தெரிந்தால் போதும், ஆள் போய்விடும்.

செயற்கை நுண்ணறிவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சாலையோர மரங்களை வெட்டியதால் கிளைக்குக் கிளை தாவிப் போக வழியில்லாமல் தேவாங்கு தரையிறங்கி, வண்டியில் அடிபடுகிறது. அதைக் கேமராவில் எடுக்கக் காத்திருக்க முடியாது, வரைந்து காட்டலாம். ஆனால் ‘இது கணினி வரைந்த படம், புகைப்படம் அல்ல’ என்று படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். விலங்கைத் தெரிந்த ஒருவர் வால், விரல், கண் எல்லாம் பார்த்துச் சரி சொன்ன பிறகே சுவருக்குப் போக வேண்டும். உங்கள் பிள்ளைகள் கையால் வரைந்தால் இன்னும் நல்லது. விரலை எண்ணி எண்ணி வரைகிற பிள்ளைக்கு அந்த விலங்கு மறக்காது.

அந்த மாணவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் படத்தையும் ஓர் உண்மைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ‘எத்தனை தவறு? கண்டுபிடியுங்கள்’ என்று எழுதி வையுங்கள். விடையை அவனே நின்று விளக்கட்டும். கண்காட்சியிலேயே கூட்டம் சேரும் தட்டி அதுவாகத்தான் இருக்கும். மற்ற தட்டிகளில் புகைப்படம் என்று போட்டால் அது புகைப்படமாகவே இருக்கட்டும். இந்த வாரமே வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, சரணாலயத்தில் எடுத்த தேவாங்குப் படங்களைக் கேளுங்கள்.